வலியே இல்லை, ஆனால் எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டு சரியில்லை என்கிறார்கள்

கேள்வி, பிப்ரவரி 11

சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எடுத்தார்கள். கல் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் "இரண்டு இடுப்பு மூட்டுகளிலும் கேம் வகை மாற்றம், ஆரம்பநிலைத் தேய்மானம்" என்று இருக்கிறது. வயது 41. வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறேன், ஒரு நாளும் வலித்ததில்லை. ஓடுவதை நிறுத்திவிடவா? இப்போதே ஆபரேஷன் செய்துகொண்டால் பின்னால் மூட்டு மாற்ற வேண்டிய நிலை வராது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். இது உண்மையா?

பிப்ரவரி 11, இரவு 10:40

நிறுத்த வேண்டாம். இதே வரி எனக்கும் வந்தது. நான் நிறுத்தினேன், அதனால் சொல்கிறேன்.

மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன். எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்க இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிவு இல்லை, அடிபட்ட வீக்கமும் பத்து நாளில் வடிந்துவிட்டது. ஆனால் ரிப்போர்ட்டில் இரண்டு பக்கமும் கேம், இடது பக்கம் பெரிது என்று எழுதியிருந்தது. அப்போது எனக்கு 38 வயது. ஓட்டம், விளையாட்டு, படியேறுவது எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டு, கை தவறினால் உடைந்துவிடும் பொருளைப் போல என் கால்களைப் பதினான்கு மாதம் காப்பாற்றினேன். பதினான்காவது மாதம்தான் முதல்முறையாக வலி வந்தது. அதுவும் மேடு சிறியதாக இருந்த வலது பக்கத்தில்.

பிப்ரவரி 12, காலை

ராத்திரி அவசரத்தில் எழுதியது. கேம் என்றால் என்ன என்றே சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இடுப்பு மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும். தொடை எலும்பின் உச்சியில் பந்து, அதற்குக் கீழே ஒடுங்கிய கழுத்து. பந்து முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் எலும்பு நன்றாக உள்வாங்கி இருக்கும். சிலருக்கு அந்த இடம் உள்வாங்காமல் நிரம்பி, சின்ன மேடாக இருக்கும். அதுதான் கேம். கிண்ணத்தின் விளிம்பு பந்தைக் கூடுதலாக மூடியிருந்தால் பின்சர். முழங்காலை நெஞ்சுவரை தூக்கி உள்பக்கமாகத் திருப்பும்போது மேடும் விளிம்பும் முட்டிக்கொள்ளலாம், முட்டினால் விளிம்பில் உள்ள லேப்ரம் என்ற வளையமும் பக்கத்துக் குருத்தெலும்பும் நசுங்கலாம். இப்படி முட்டுவதுதான் மூட்டுத் தேய்மானத்துக்கு ஒரு காரணம் என்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து எலும்பு அறுவை மருத்துவர் ரைன்ஹோல்ட் கான்ஸும் அவருடைய குழுவும் 2003-ல் எழுதினார்கள். மூட்டைத் திறந்து செய்த நூற்றுக்கணக்கான ஆபரேஷன்களில் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொன்னது அது. முக்கியமான வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் திறந்து பார்த்தது ஏற்கனவே தொந்தரவோடு வந்தவர்களின் மூட்டுகளை. தொந்தரவே இல்லாமல் வெளியே நடமாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இதே மேடு இருக்கிறது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் பெரிதாக எழுந்தது.

பிப்ரவரி 12, மாலை

அந்தக் கேள்விக்கான கணக்கு இது. வலி இல்லாதவர்களைப் படமெடுத்த 26 ஆய்வுகளைச் சேர்த்து 2015-ல் ஒரு தொகுப்பு வந்தது. அதில் கேம் 37%, பின்சர் 67%. எம்ஆர்ஐ எடுத்தவர்களில் லேப்ரத்தில் ஏதோ ஒரு சேதம் 68%. விளையாட்டு வீரர்களை மட்டும் பார்த்தால் கேம் 54.8%, மற்றவர்களில் 23.1%. 2012-ல் வந்த இன்னொரு ஆய்வில், சராசரியாக 38 வயதுள்ள, வலியே இல்லாத 45 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். 69% பேருக்கு லேப்ரம் கிழிசல்.

மூன்றில் இரண்டு பேருக்கு இருப்பதை எப்படி இயல்புக்கு மாறானது என்பது? இதைப் படித்த அன்று பதினான்கு மாதம் முடங்கிக் கிடந்ததை நினைத்து எனக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

பிப்ரவரி 13

நேற்றைய கணக்கில் ஒரு திருத்தம். முதலில் சொன்ன தொகுப்பில் எண்ணியது ஆட்களை அல்ல, இடுப்புகளை: 2114 இடுப்புகள். அவர்களுடைய சராசரி வயதும் 25 சொச்சம்தான், விளையாடுகிறவர்கள் நிறைய. 41 வயதுக்காரருக்கு அந்த 37-ஐ அப்படியே பொருத்தக் கூடாது.

அளவுகோலும் ஆய்வுக்கு ஆய்வு வேறு. ஆல்ஃபா கோணம் என்று ஒன்றை அளக்கிறார்கள். பந்தின் நடுப்புள்ளியிலிருந்து கழுத்தின் நடுவாக ஒரு கோடு, பந்து உருண்டையாக இருப்பது எந்த இடத்தில் முடிகிறதோ அந்த இடத்துக்கு இன்னொரு கோடு, இரண்டுக்கும் நடுவில் உள்ள கோணம். 50-ஐத் தாண்டினாலே கேம் என்று ஒரு ஆய்வு, 60-ஐத் தாண்டினால்தான் கேம் என்று இன்னொன்று. அதனால்தான் அந்தத் தொகுப்பில் சேர்ந்த ஆய்வுகளில் கேம் 7% முதல் 100% வரை எல்லா அளவிலும் வருகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் கோணம் எத்தனை என்று எழுதியிருக்கிறதா? எழுதாமல் வெறுமனே கேம் என்று மட்டும் இருந்தால், கண்ணால் பார்த்துச் சொன்ன அபிப்பிராயம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 13, இரவு

இன்னொன்று. அந்த மேடு உங்களுக்குப் போன வருடம் முளைத்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பந்துக்குக் கீழே எலும்பு வளரும் தட்டு மூடாமல் இருக்கும் பதின்வயதில்தான் கேம் உருவாகிறது. அந்த வயதில் கால்பந்து, ஐஸ் ஹாக்கி, கூடைப்பந்து என்று தீவிரமாக ஆடியவர்களுக்கு அதிகம். தட்டு மூடிய பிறகு பெரிதாக மாறுவதில்லை. அப்படியானால் இத்தனை வருடமும் அதோடுதான் ஓடியிருக்கிறீர்கள். எனக்கு இது தெரிந்தபோது மனசு எவ்வளவு லேசானது என்று சொல்ல முடியாது.

பிப்ரவரி 16

தேய்மானம் என்ற சொல்லைப் பற்றி. இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

செருப்பு தேய்கிறது, டயர் தேய்கிறது. நடக்க நடக்கத் தேயும், ஒரு நாள் தீர்ந்துபோகும். அந்தப் படம் ஒருமுறை மனதில் விழுந்துவிட்டால் ஒவ்வொரு அடியும் செலவுக் கணக்காகிவிடுகிறது. நான் அப்படித்தான் எண்ணி எண்ணி நடந்தேன். ஆனால் குருத்தெலும்பு உயிருள்ளது. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அழுந்தி, பிறகு தளரும்போதுதான் மூட்டு நீர் உள்ளே போய் வந்து அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. அசையாமல் வைப்பது அதற்குப் பாதுகாப்பு ஆகாது.

அப்புறம் இடுப்பு என்ற சொல். இடுப்பு வலி என்று நாம் சொல்லும்போது பலர் கை வைப்பது முதுகின் அடியில், பெல்ட் கட்டும் இடத்தில். அது முதுகெலும்பு. இடுப்பு மூட்டு இருப்பது அங்கே இல்லை, தொடை உடம்போடு சேரும் இடத்தில், முன்பக்கமாக உள்ளே. உண்மையில் அந்த மூட்டு வலித்தால் பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் வலிக்கும், சில சமயம் தொடையின் முன்புறமும் முழங்காலும் வலிக்கும். பக்கவாட்டில், ஒருக்களித்துப் படுத்தால் அழுந்தும் எலும்பின் மேல் வலித்தால் அது அநேகமாகப் பிட்டத் தசையின் தசைநார். ஆனால் எல்லாவற்றுக்கும் நம்மிடம் இருப்பது ஒரே சொல். "இடுப்பு வலி" என்கிறோம், இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள், அதில் கேம் தெரிகிறது, பழி அதன் மேல் விழுகிறது.

எனக்கு நடந்தது இதேதான். வலது பக்கவாட்டில் வலித்தது. "பார்த்தாயா, ரிப்போர்ட்டில் அன்றைக்கே சொன்னார்கள்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் என்னைப் படுக்க வைத்து முழங்காலை மடக்கி, உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். தொடை இடுக்கில் ஒன்றுமே இல்லை. வலித்த காலில் மட்டும் அரை நிமிடம் நிற்கச் சொன்னார், பக்கவாட்டில் சுரீரென்றது. மாதக்கணக்கில் அசையாமல் இருந்து மெலிந்த தசை, திடீரென்று ஒரு நாள் நிறைய நடந்ததில் தசைநார் கோபித்துக்கொண்டது, அவ்வளவுதான். மூன்று மாதம் கால் தசைக்குப் பயிற்சி செய்ததும் போய்விட்டது. மேடு அப்படியேதான் இருக்கிறது.

பிப்ரவரி 17

படமும் வலியும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதற்கு இன்னொரு கணக்கு. இது கேம் இல்லை, எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானம். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் 946 பேரை வைத்துப் பார்த்ததில், அடிக்கடி வலிக்கிறது என்று சொன்ன இடுப்புகளில் 15.6% மட்டுமே எக்ஸ்ரேயில் தேய்மானம் காட்டின. திருப்பிப் போட்டால், எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்த இடுப்புகளில் 20.7% மட்டுமே அடிக்கடி வலித்தன. அதே கட்டுரையில் 4366 பேர் கொண்ட இன்னொரு குழுவிலும் ஏறக்குறைய இதே கதை, 9.1%, 23.8%. 2015-ல் வந்தது.

இரண்டு பக்கமும் பாருங்கள். படத்தில் இருப்பதால் வலிக்கும் என்றில்லை, படத்தில் இல்லாததால் வலி பொய் என்றும் இல்லை. இரண்டாவதை டாக்டர்களே சில சமயம் மறந்துவிடுகிறார்கள்.

பிப்ரவரி 19

நான் எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். "வலி இல்லையா, கவலை வேண்டாம்" என்ற தொனி வந்துவிட்டது. அது தவறு, என் அக்கா விஷயத்தில் அது பெரிய தவறாக முடிந்திருக்கும்.

அக்கா ஒரு தோல் நோய்க்காக நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர். வலது தொடை இடுக்கில் வலி வந்து, எக்ஸ்ரேயில் பந்தின் எலும்பு ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. இடது பக்கம் வலியே இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பார்த்த டாக்டர் இரண்டு பக்கமும் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். இடது பக்கத்திலும் அதே நோய், சத்தமில்லாமல். இந்த நோய் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும், பல பேருக்கு இரண்டு பக்கமும் வரும். பாதித்த பகுதி சிறியதாக இருந்தால் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும், பெரியதாக இருந்தால் வலி இல்லாவிட்டாலும் பந்து உட்கார்ந்துபோகும் ஆபத்து உண்டு. அக்காவுக்கு இடது பக்கம் பந்து இன்னும் உருண்டையாக இருக்கும்போதே சிகிச்சை கிடைத்தது. அந்த டாக்டருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஆகவே ஸ்டீராய்டு நீண்ட நாள் எடுத்தவர்கள், மது அதிகம் குடித்தவர்கள், சிக்கிள் செல் நோய் (ரத்த அணுக்கள் அரிவாள் வடிவில் மாறும் பரம்பரை நோய்) உள்ளவர்கள் இவர்களுக்கெல்லாம் நான் முன்னால் எழுதிய ஆறுதல் பொருந்தாது.

பிப்ரவரி 19, பிற்பகல்

குழந்தைகளை எப்படி மறந்தேன்! பிறவியிலேயே கிண்ணம் ஆழமில்லாமல் இருக்கும் குழந்தைக்கு வலி என்று எதுவும் கிடையாது, அழாது, மற்ற குழந்தைகளைப் போலத்தான் இருக்கும். கால் முன்னால் வர, அதாவது பிருஷ்டம் முதலில் வரும்படி இருந்த பிரசவம், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தது, பெண் குழந்தை, இதெல்லாம் ஆபத்தைக் கூட்டும். முதல் சில மாதங்கள் எக்ஸ்ரேக்குப் பயனில்லை, பந்து இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும், படத்தில் விழாது. அல்ட்ராசவுண்டுதான் எடுப்பார்கள். நாலைந்து மாதத்துக்குப் பிறகுதான் எக்ஸ்ரே. சீக்கிரம் பிடித்துவிட்டால் கால்களை விரித்து வைக்கும் ஒரு வார்ப்பட்டையே பல குழந்தைகளுக்குப் போதும். நடக்க ஆரம்பித்த பிறகு தெரிந்தால் ஆபரேஷன் வரை போகலாம். குழந்தைக்கு இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் மேலே நான் எழுதிய எதையும் அதற்குப் பொருத்தாதீர்கள், போய்க் காட்டுங்கள்.

பிப்ரவரி 20

நேற்று எழுதியதில் "கால் முன்னால் வர" என்பதை எடுத்துவிட்டுப் படியுங்கள். பிருஷ்டம் கீழே இருக்கும் நிலைதான் முக்கியம்.

பிப்ரவரி 23

ஆரம்பக் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். கேம் உள்ளவருக்குப் பின்னால் தேய்மானம் வருமா?

இதில் நான் முதலில் நினைத்ததைவிட விஷயம் கொஞ்சம் கனமானது. நெதர்லாந்தில் 1002 பேரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஆல்ஃபா கோணம் 60-ஐத் தாண்டியவர்களுக்கு மூட்டு கடைசிக் கட்டத் தேய்மானத்துக்குப் போகும் வாய்ப்பு மூன்றரை மடங்குக்கு மேல், 83-ஐத் தாண்டியவர்களுக்கு ஒன்பது மடங்குக்கு மேல். பெரிய மேடும் இருந்து, கால் உள்பக்கமாகத் திரும்புவதும் 20 டிகிரிக்கு மேல் போகாதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த நிலைக்குப் போனார்கள்.

படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. இரண்டு நாள் கழித்துத்தான் நிதானமாகப் படித்தேன். அந்த 1002 பேரும் 45 முதல் 65 வயதுக்காரர்கள், எல்லோரும் முழங்கால் வலியோ இடுப்பு வலியோ இருந்ததால்தான் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள். வலி இல்லாத, நன்றாகத் திரும்புகிற மூட்டுக்கு அந்த மடங்குகளை எடுத்துப் போட முடியாது. ஆனாலும் அதிலிருந்து நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்: மேட்டின் அளவைவிட, மேடும் மூட்டின் இறுக்கமும் சேர்ந்து வருவதுதான் கவனிக்க வேண்டியது. கால் எவ்வளவு திரும்புகிறது என்பதை எக்ஸ்ரே சொல்லாது, டாக்டர் கையால் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

என் இடது பக்கம் 25 டிகிரி. வலது 32.

பிப்ரவரி 23, இரவு

கிண்ணம் ஆழமில்லாதது பெரியவர்களுக்கும் தற்செயலாகத் தெரிய வரலாம். பந்தின் நடுவிலிருந்து கிண்ணத்தின் வெளி விளிம்புக்கு ஒரு கோணம் அளப்பார்கள், விபெர்க் என்பவர் 1939-ல் சொன்னது. 25-க்கு மேல் இருந்தால் நல்லது, 20-க்குக் கீழே என்றால் ஆழம் போதாது. வலி இல்லை என்றாலும் 20-க்குக் கீழே என்று எழுதியிருந்தால் ஒருமுறை எலும்பு மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

பிப்ரவரி 26

ஆபரேஷன் கேள்வி. வலி இல்லாத இடுப்பில் மேட்டைச் சீவி விட்டால் பின்னால் தேய்மானம் வராது என்று காட்டிய ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. நடந்த பெரிய சோதனைகள் எல்லாம் வலி உள்ளவர்களிடம் நடந்தவை. பிரிட்டனில் 348 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் துளை வழி ஆபரேஷன், இன்னொரு பாதிக்கு ஆளுக்கேற்ற பிசியோதெரபி. 2018-ல் முடிவு வந்தது. ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் தேறியிருந்தார்கள். இடுப்பு எப்படி இருக்கிறது என்று நோயாளிகளே சொல்லும் மதிப்பெண்ணில், ஆபரேஷன் பக்கம் 100-க்குக் கிட்டத்தட்ட 7 புள்ளி கூடுதல். வலியால் தவிப்பவருக்கு அந்த 7 புள்ளி பெரிதாகவே இருக்கலாம், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உங்களிடம் குறைப்பதற்கு வலியே இல்லை. எதைத் தேற்றப் போகிறார்கள்?

2016-ல் பல நாட்டு நிபுணர்கள் பிரிட்டனின் வார்விக்கில் கூடி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். மேடும் விளிம்பும் முட்டிக்கொள்ளும் நோய் ஒருவருக்கு இருக்கிறது என்று சொல்ல மூன்றும் வேண்டும்: வலி போன்ற தொந்தரவு, கையால் சோதிக்கும்போது தெரியும் அறிகுறி, படத்தில் தெரியும் வடிவம். படம் மட்டும் போதாது. வலி இல்லாதவர்களுக்கு இருப்பதை வடிவம் என்று மட்டும் சொல்லுங்கள், கோளாறு என்று சொல்லாதீர்கள் என்பதும் அதில் உண்டு. என் ரிப்போர்ட்டில் வடிவம் என்று எழுதியிருந்தால் அந்தப் பதினான்கு மாதமும் நான் ஓடியிருப்பேன்.

மார்ச் 1

படம் எப்படி எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். வயிற்றுக்கு எடுத்த எக்ஸ்ரே இடுப்பு மூட்டை அளப்பதற்கு எடுத்தது இல்லை. பாதங்களைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பி வைத்து, இடுப்பெலும்பு கோணாமல் எடுத்திருக்க வேண்டும். கீழே இருக்கும் இரண்டு பெரிய ஓட்டைகளும் ஒரே அளவில் தெரிகின்றனவா என்று பார்த்தால் உங்களுக்கே புரியும். ஒன்று பெரிதாகவும் ஒன்று ஒடுங்கியும் இருந்தால் உடம்பு திரும்பியிருந்தது என்று அர்த்தம். இடுப்பெலும்பு முன்னால் சாய்ந்தால் பின்சர் இல்லாதவருக்கும் இருப்பதுபோல் தெரியும்.

மார்ச் 2

எது வந்தால் காட்ட வேண்டும் என்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். தொடை இடுக்கில் வாரக்கணக்கில் நீடிக்கும் வலி, ராத்திரி படுத்திருக்கும்போதும் விடாத வலி, நொண்டல், செருப்பின் வாரைக் கட்ட முடியாதபடி மூட்டு இறுகுவது. கூடவே காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தால் அன்றைக்கே. எலும்பு அடர்த்திக்கு வருடக்கணக்கில் பிஸ்பாஸ்போனேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தொடையில் மந்தமான வலி வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது, எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம்.

மார்ச் 9

ஒருமுறை எலும்பு மருத்துவரிடம் போய் இரண்டு கால்களையும் திருப்பி அளந்துகொள்ளுங்கள். அந்த எண்ணையும் தேதியையும் எக்ஸ்ரே உறையின் மேல் எழுதி, படத்தைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். வருடா வருடம் புதிதாக எடுக்கத் தேவையில்லை. எப்போதாவது வலி வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க பழைய படம் இருப்பது பெரிய உதவி. ஆழமாக உட்கார்ந்து எழும் பயிற்சியில் தொடை இடுக்கு நெருடினால் ஆழத்தைக் குறைத்தால் போதும்.

நான் நேற்று ஆறு கிலோமீட்டர் ஓடினேன். இன்று காலை இடது பக்கம் திரும்பவும் அளந்தார்கள். 25 டிகிரிதான்.